மஞ்சக்குப்பம் வீடு (குழு)

தேவி: நாளைக் காலை அம்மாவுக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுக்க மூன்று பேர் வேண்டும், எந்த குரூப்பானாலும் சரி. ஜிப்மருக்கு யார் யார் வருகிறீர்கள்?

ஆனந்த் அண்ணன்: நான்

குணா சித்தப்பா: அக்கா மூளையில் பச்சைச் சாயம் ஊற்றுவார்களாம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். கையெழுத்துப் போட்டாயிற்றா?

வில்லியனூர் அத்தை: ஐயோ சாயமா

பிரபு: ஊற்ற மாட்டார்கள் சித்தப்பா, கை நரம்பில் ஊசிதான். இண்டோசயனின் கிரீன், ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் ஐசிஜி என்போம். தேவி அம்மாவுக்கு மூளை ரத்தக் குழாயில் பலூன் மாதிரி ஒரு வீக்கம், அதன் கழுத்தில் கிளிப் மாட்டுவார்கள். மாட்டியதும் ஐசிஜி போட்டு மைக்ராஸ்கோப்பில் அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் ஓடும் குழாயெல்லாம் திரையில் வெள்ளையாக மின்னும், வீக்கம் மட்டும் இருட்டாக இருக்க வேண்டும். அதுவும் மின்னினால் கிளிப் சரியாக மூடவில்லை. பக்கத்துப் பொடிக் குழாய் இருட்டாகிவிட்டால் கிளிப் அதையும் சேர்த்துக் கவ்விவிட்டது, அப்படியே விட்டால் கை கால் விழுந்துவிடும். தலை திறந்திருக்கும்போதே தெரிந்தால் உடனே கழற்றி மாற்றி மாட்டலாம். மறைவில் இருக்கும் குழாய் இதில் தெரியாது, அதற்கு டாப்ளர் கருவி வைத்து ரத்தம் ஓடும் சத்தம் கேட்பார்கள். மூளை ஆபரேஷனுக்கு இது 2003லேயே வந்துவிட்டது.

குணா சித்தப்பா: இதைப் படிக்கவே கண்ணாடி மாற்ற வேண்டும்

ஆனந்த் அண்ணன்: சுருக்கமா சொல்லுடா

பிரபு: நல்லதுதான். பயம் வேண்டாம்.

வில்லியனூர் அத்தை: பச்சை உடம்பிலேயே தங்கிவிடாதே?

பிரபு: கல்லீரல் பித்தத்தில் தள்ளிவிடும் அத்தை. மூன்று நான்கு நிமிடத்தில் பாதி போய்விடும், தேவையென்றால் மறுபடியும் போடலாம். 1950களில் கோடாக் ஆய்வகத்தில் உருவானது.

குணா சித்தப்பா: கோடாக்கா? என் கல்யாண ஆல்பமே இன்னும் வரவில்லை

சித்தி: பாக்கியைக் கொடுத்தால்தானே வரும்

பிரபு: ஒன்று முக்கியம். ஐசிஜியில் கொஞ்சம் அயோடின் இருக்கிறது, ஸ்கேனுக்குப் போடும் மருந்திலும் உண்டு. போன வருடம் ஸ்கேன் எடுத்தபோது தேவி அம்மாவுக்குத் தடிப்பு வந்ததே, ஸ்கேன் மருந்தினாலா?

வில்லியனூர் அத்தை: அது இறால். முதுநகர் காதுகுத்தில் சாப்பிட்டது

சித்தி: இன்னும் என் சமையலை விடவில்லையா? அத்தனை பேர் சாப்பிட்டார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை

குணா சித்தப்பா: தொக்கு அருமை

பிரபு: இறால் என்றால் இதற்குச் சம்பந்தமே இல்லை. ஸ்கேன் மருந்து என்றால் மயக்க டாக்டருக்குத் தெரிய வேண்டும். தேவி, எது?

தேவி: இரண்டும் ஒரே வாரம். டாக்டர் ஏதோ எழுதினார், பழைய ஃபைல் மஞ்சக்குப்பம் பீரோவில் இருக்கிறது

ஆனந்த் அண்ணன்: சாவி?

வில்லியனூர் அத்தை: பாகம் பிரிக்கும்வரை என்னிடமே இருக்கட்டும் என்று வாங்கிப் போனவரைக் கேள்

குணா சித்தப்பா: இப்போது அந்தப் பேச்சு எதற்கு

பிரபு: சித்தப்பா, ஃபைலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தேவி, அதுவரை காத்திருக்காதே, தடிப்பு வந்ததை வார்டில் இப்போதே சொல்லிவிடு.

தேவி: நர்ஸிடம் சொன்னேன், டாக்டர் வருகிறாராம். ரத்தத்துக்கு எத்தனை பேர்?

ஆனந்த் அண்ணன்: நான், பிரபு. மூன்றாவது சித்தப்பா

சித்தி: அவர் ரத்தத்தை எடுக்க மாட்டார்கள். மத்தியானம்தான் பாகூர் கல்யாணத்திலிருந்து வந்தார்

குணா சித்தப்பா: பீர் மட்டும்தான்

வில்லியனூர் அத்தை: எதிர்வீட்டுப் பையனைக் கேட்டுப் பார்க்கிறேன். காலையில் தேவிக்கு இட்லி யார் கொண்டுபோவது?

குணா சித்தப்பா: வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். பீரோவுக்குத் தனிச் சாவியா?