உபுண்டு 24.04-க்கு மாறியதும் விண்டோஸுக்குப் பதில் மெமரி டெஸ்ட் ஓடுகிறது

கேள்வி:
ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கின்றன. பகலில் அம்மாவுக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால் கிரப் (கணினி தொடங்கும்போது எதைத் திறப்பது என்று கேட்கும் மெனு) டிஃபால்ட் எண்ணை, அதாவது தானாகத் திறக்கும் வரியின் எண்ணை, 2 என்று வைத்திருந்தேன். ஒரு தொல்லையும் இல்லை. போன வாரம் 22.04-இலிருந்து 24.04-க்கு மாறினேன். மறுநாள் காலை, "நீலமா என்னமோ ஓடுதுடா, நிக்கவே மாட்டேங்குது" என்று அம்மா எழுப்பினார். பார்த்தால் மெம்டெஸ்ட், மெமரியைச் சோதிக்கும் புரோகிராம்! கர்னல் (உபுண்டுவின் மையப் பகுதி) மாறியதுதான் காரணமா?

பதில் 1:
மெனுவில் விண்டோஸ் எத்தனையாவது என்று மேலிருந்து எண்ணுங்கள், 0-இல் தொடங்கி. அந்த எண்ணைப் போட்டு, மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுங்கள்.

கேட்டவர்:
4 போட்டேன், சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த அப்கிரேடில் மறுபடியும் இதே கதைதானே?

பதில் 2:
ஆமாம். பாவம், கர்னல் மேல் பழி போடாதீர்கள். பழைய கர்னல்கள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற சப்மெனுவுக்குள் போய்விடும். சப்மெனுவை நீங்களே நிறுத்தியிருந்தால் ஒழிய வெளி வரிசை அசையாது. 22.04-இல் வந்த மெம்டெஸ்ட் யூஇஎஃப்ஐயில் (புதிய கணினிகளைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேர்) ஓடாது, அதனால் மெனுவில் தெரியவில்லை. 24.04-இல் வருவது ஓடும். அது இரண்டு வரிகளாக விண்டோஸுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

பதில் 3:
டிஃபால்ட்டை 'சேவ்டு' என்று வைத்து, சேவ்டிஃபால்ட்டையும் ட்ரூ ஆக்குங்களேன். கடைசியாகத் தேர்ந்தெடுத்தது நினைவில் இருக்கும்.

கேட்டவர்:
ராத்திரி நான் உபுண்டு போட்டால் காலையில் அம்மாவுக்கும் உபுண்டுதானே வரும்?

பதில் 2:
வரும். உங்களுக்கு அது ஒத்துவராது. எண்ணுக்குப் பதில் ஐடி கொடுங்கள். பூட் ஃபோல்டரில் இருக்கும் கிரப் கான்ஃபிக் ஃபைலில் விண்டோஸ் வரியைப் பாருங்கள். கடைசியில், மேற்கோள் குறிக்குள், ஓஎஸ்ப்ரோபர்-இஎஃப்ஐ என்று தொடங்கும் ஒன்று இருக்கும். அதன் வால் இஎஃப்ஐ பார்ட்டிஷனின் (பூட் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதி) யூயூஐடி, அதாவது அடையாள எண். அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதவரை மாறாது. விண்டோஸ் என்ற தலைப்பையே கொடுக்கலாம்தான், ஆனால் அதில் டிஸ்க் பெயரும் ஒட்டியிருக்கிறது. இன்னொரு டிஸ்க் மாட்டினால் அது மாறக்கூடும். ஐடியை இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் டிஃபால்ட் கிரப் ஃபைலில் போடுங்கள். கான்ஃபிக் ஃபைலைத் தொடாதீர்கள், அதில் செய்த மாற்றம் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும்.

கேட்டவர்:
முதலில் அப்டேட்-கிரப் கொடுக்க மறந்து, ஒன்றுமே மாறவில்லையே என்று பத்து நிமிஷம் விழித்தேன். அப்புறம் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க மெம்டெஸ்ட் பேக்கேஜையே நீக்கினேன். விண்டோஸ் மறுபடி 2-க்கு ஏறியது, ஆனாலும் தானாக அதுதான் திறக்கிறது. நன்றி நண்பர்களே.