பாமினி மாற்றியை எப்படிக் கொடுப்பது: பைத்தானா, ஒற்றைக் கோப்பா?

கொட்டகலை:
பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்களை யுனிகோடாக மாற்ற ஒரு கட்டளைவரிக் கருவி எழுதியிருக்கிறேன், பைத்தான் என்ற நிரல்மொழியில். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே கோட். பிப் இன்ஸ்டால் என்ற ஒரு கட்டளையைப் போட்டால் வேலை முடிந்தது.

பண்டாரவளையான்:
உங்களுக்கு முடிந்தது அண்ணே, வாங்குகிறவருக்கு அங்கேதான் ஆரம்பம். முதலில் பைத்தான் போட வேண்டும், அப்புறம் அது பாத்தில், அதாவது கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், ஏறியிருக்க வேண்டும், இவ்வளவையும் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய் டேட்டா செலவழித்து இறக்க வேண்டும். கோ மொழியில் எழுதுங்கள். எந்தக் கணினிக்கு என்று சொல்லும் இரண்டு சூழல் மாறிகளை மாற்றினால் போதும், லினக்ஸில் இருந்தபடியே மூன்றுக்கும் பில்ட் ஆகும். பென் டிரைவில் ஒரே ஃபைலாகக் கொடுக்கலாம்.

கொட்டகலை:
பைத்தான் நிரலைப் பொதி கட்டும் பைஇன்ஸ்டாலரும் ஒரே ஃபைல்தான் தருகிறது தம்பி. இதற்காக எல்லாவற்றையும் கோ மொழியில் மறுபடி எழுதச் சொல்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

பண்டாரவளையான்:
தருகிறதுதான். ஆனால் விண்டோஸ் ஃபைலை விண்டோஸில்தான் செய்ய முடியும், மேக் ஃபைலுக்கு மேக் வேண்டும். லினக்ஸில் வேறு தலைவலி: உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்பில் கட்டியது கிளிப்சி என்ற அடிப்படை நிரலகத்தின் 2.35ஐக் கேட்டால், 2.31 உள்ள 20.04இல் ஓடாது. போதாக்குறைக்கு நான் போன வருடம் அப்படிச் செய்து கொடுத்த ஃபைலை ஒரு ஆன்டிவைரஸ் வைரஸ் என்று அழித்தேவிட்டது, அதில் இருந்தது வெறும் கூட்டல் கழித்தல்.

தலவாக்கலை டீச்சர்:
தம்பிமாரே, எங்கள் பாடசாலை லேபில் இருப்பது விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். இதில் எது ஓடும்?

பண்டாரவளையான்:
அடடா. கோ 1.21 முதல் விண்டோஸ் 10 வேண்டும். பழைய 1.20ஐ வைத்து 32 பிட்டுக்குக் கட்டித் தருகிறேன் டீச்சர்.

கொட்டகலை:
அந்த 1.20க்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராதே, அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்! பைத்தான் 3.8 விண்டோஸ் 7இல் ஓடும். நான் 3.10இல்தான் வந்த மேட்ச் என்ற கட்டளை வரிகளைப் போட்டிருக்கிறேன், அவற்றை மட்டும் மாற்றி எழுதினால் சரி.

பண்டாரவளையான்:
3.8உம் 2024 ஒக்டோபரோடு முடிந்தது அண்ணே. செத்த கிளைதான் இரண்டும். நான் சொல்வதில் பைத்தானை இன்ஸ்டால் பண்ணும் வேலையாவது இல்லை.

தலவாக்கலை டீச்சர்:
தவணைப் பரீட்சைக்கு முன்னால் யாருடையது கைக்கு வருகிறதோ அதைப் போடுகிறேன். லேபில் இன்டர்நெட் கிடையாது, பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது.