கவரில் வந்த காணிக்கையும் அண்டி ஆபீஸ் பென்ஷனும்

1984இல் மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். வயது 26. ஒரு சிறிய சபையின் அழைப்பைக் கேட்டு, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனேன். 32 வருஷம். கருங்கல் பக்கத்தில் நான் சைக்கிளில் போய் ஜெபிக்காத வீடு குறைவு.

மாசக் கடைசியில் ஒரு கவர் வரும். ரசீதும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சம்பளம் என்று சொல்லவே கூடாது, அது காணிக்கை. இயேசுவின் வருகை சமீபம், பூமியில் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறாய் என்பார்கள். நானும் அதையே பிரசங்கம் செய்தேன். அதைக் கேட்டு, சீட்டு எடுத்த பணத்தை அப்படியே சபைக் கட்டடத்துக்குக் கொடுத்த அக்காமார் உண்டு. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

என் வீட்டுக்காரி மட்டும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில், வேலை. ஊழியக்காரன் மனைவி அங்கே உட்கார்ந்து அண்டி தல்லலாமா என்று சபை மூப்பர்கள் கேட்டார்கள், நானும் சண்டை போட்டேன். "நீங்க கர்த்தருக்கு வேலை செய்யுங்க, நான் பிள்ளையளுக்கு அரிசி வாங்க வேலை செய்யுதேன்" என்றாள். சாயங்காலம் வந்து சாம்பலைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவுவாள். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனித் தோல் உரிந்து கறுத்திருக்கும். அந்தக் கையோடுதான் மரச்சீனிக் கிழங்கு நறுக்கி அடுப்பில் போடுவாள்.

2016இல் தொண்டையில் கோளாறு வந்து குரல் போய்விட்டது. மூன்றே மாதத்தில் மூப்பர்கள் வந்தார்கள். "பாஸ்டர், புது ஊழியர் குடும்பத்தோட வாறாரு, வீடு வேணும்." ஜெப வீட்டுக்குப் பின்னால் நாங்கள் 19 வருஷம் குடியிருந்த வீடு. ஒரு பொன்னாடை, ஒரு கவர். கவரில் 15,000 ரூபாய் இருந்தது.

பி.எஃப். ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தேன். 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். நாங்கள் முழுநேர ஊழியர்கள் மொத்தம் 11 பேர். சரி, ஆள் இருந்திருந்தாலும் காணிக்கை வாங்கினவனுக்கு எந்தக் கணக்கைக் காட்டுவார்கள்? அரசாங்கத்தின் அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர வேண்டும். அது 2015இல் வந்தபோது எனக்கு 57.

என் வீட்டுக்காரிக்கு பி.எஃப். நம்பர் இருந்தது. 10 வருஷத்துக்கு மேல் பிடித்தம் இருந்ததால் 58 வயதில் பென்ஷன் வந்தது. மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் எங்கள் வீட்டில் மாசம் தவறாமல் வரும் பணம் அது ஒன்றுதான். நான் மச்சானின் ரப்பர் விளையில் சிரட்டை சிரட்டையாக ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், பறித்து வாடகைக்குத் தேற்றுகிறேன். விசுவாசம் போகவில்லை, இன்றும் விடியற்காலையில் முழங்காலில் நிற்கிறேன்.

என் இடத்துக்கு வந்தவர் மாறி, இப்போது 31 வயதுத் தம்பி ஒருவன் அங்கே இருக்கிறான். போன வாரம் சந்தையில் பார்த்தேன். அடல் பென்ஷன் பற்றிச் சொன்னேன்.

"சபையில கேட்டுச் சொல்லுதேன் பாஸ்டர்."

"கேக்காத மக்கா. முதல்ல உன் பேர்ல கட்டு."

திங்கள்கிழமை என்னோடு போஸ்ட் ஆபீஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.