ரப்பர் மரச் சாமி அலமாரிக்குத் தேக்கு நிறம் ஏற்ற முடியுமா?

தன்லின் வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் விலை குறைவாக ஒரு சாமி அலமாரி வாங்கினோம். ரப்பர் மரம், வெளிர் மஞ்சள் நிறம். மாமியாருடைய பழைய தேக்கு பீரோ பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒட்டவே இல்லை. வால்நட் நிறத்தில், அதாவது கரும்பழுப்பில், எண்ணெய் ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். பலகை முழுசாக ஒரே துண்டு இல்லை. சின்னத் துண்டுகளைச் சீப்புப் பல் மாதிரி வெட்டிக் கோத்து ஒட்டியிருக்கிறார்கள். அப்படியே பூசலாமா? மழைக்காலம் முடியக் காத்திருக்க வேண்டுமா? தினமும் விளக்கு ஏற்றுவோம், மேல்பூச்சுக்கு எது நல்லது?

மோல்மியன் தம்பி:
அக்கா, கம்பி நாரை வினிகரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள். பழைய தேக்குப் பலகை ஒன்று நன்றாகக் கறுத்தது. செலவே இல்லை.

பாலிஷ்காரர், யாங்கோன்:
தங்கச்சி, அப்படியே பூச வேண்டாம். முதலில் பலகை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் கம்பெனியிலேயே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் மேல் ஸ்டெயின் ஏறாது, கையோடு வந்துவிடும். 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து வார்னிஷை எடுத்துவிட்டு, 150, அப்புறம் 180. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரொம்ப வழுவழுப்பாக்கினால் மரம் சாயத்தைக் குடிக்காது. கரண்ட் வரட்டும் என்று மெஷினுக்குக் காத்திருக்க வேண்டாம், கையால் தேய்த்தாலே போதும். ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறல் இப்போது கண்ணுக்குத் தெரியாது, சாயம் பட்டதும் கறுப்புக் கோடாகக் கிளம்பும்.

உங்கள் அலமாரியில் பெரிய வேலை அந்தக் கோத்த துண்டுகள்தான். ஒவ்வொன்றும் வேறு மரம், வேறு பாகம். ஒன்று சாயத்தை இழுத்துக் கறுக்கும், பக்கத்தில் உள்ளது வெளுத்தே நிற்கும். பல் பல்லாகக் கோத்த இடத்தில் மரத்தின் வெட்டுமுனை வெளியே தெரிகிறதல்லவா, அது எல்லாவற்றுக்கும் முன்னால் குடித்துவிடும். அதனால் ஸ்டெயினுக்கு முன் அரக்கு பாலிஷை ஸ்பிரிட்டில் நன்றாக நீர்க்கக் கலந்து ஒரு கை பூசுங்கள், வெட்டுமுனைகளில் மட்டும் இரண்டு கை. காய்ந்தபின் 220 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு. இனி எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் குடிக்கும். நிறம் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும், பரவாயில்லை. மெல்லிசாக இரண்டு தடவை பூசி ஐந்து நிமிடத்தில் துடைத்தால் வரும் அழகு, தடியாக ஒரே தடவை அப்பினால் வராது. துடைக்காமல் விட்ட ஸ்டெயின் நாள் கணக்கில் பிசுபிசுக்கும்.

வால்நட் உங்கள் பீரோவைவிடக் கறுப்பாகப் போகலாம். பழந்தேக்கில் ஒரு செம்பொன் நிறம் இருக்கும். கீழ்த்தட்டின் அடிப்பக்கத்தில் பூசி, மேல்பூச்சும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தம்பி சொன்ன வினிகர் வேலை துவர்ப்புச் சத்துள்ள மரத்துக்குத்தான். ரப்பர் மரத்தில் அது குறைவு. முதலில் கடுந்தேயிலைச் சாயம் பூசினால் ஓரளவு பிடிக்கும். ஆனால் வருவது சாம்பல் கலந்த கறுப்பு, தேக்கு நிறம் இல்லை. துருப்பிடிக்காத கம்பி நாரை ஊறப்போட்டால் அதுவும் வராது.

மழைக்காலத்தில் அரக்கு பூசினால் காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். ஸ்டெயின் காய ஒரு நாள் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் இங்கே ஜூலை, ஆகஸ்டில் கூடுதலாக இரண்டு நாள் விடுங்கள். வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. விளக்கு வைக்கும் இடத்துக்கு அரக்கு மேல்பூச்சு வேண்டாம், சூட்டில் இளகும். எண்ணெய் பாலியூரித்தேன் வார்னிஷ் போடுங்கள். எந்தப் பூச்சும் நெருப்பைத் தாங்காது, விளக்கின் அடியில் பித்தளைத் தட்டு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது உள்ளே சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பகோ வாசகர்:
பகானில் கிண்ணங்களுக்குப் பூசுகிற திச்சீ என்ற மரப்பால் பூசலாமே? அது ஈரக் காற்றில்தான் நன்றாக இறுகும்.

பாலிஷ்காரர், யாங்கோன்:
இறுகும், உண்மை. ஆனால் ரேகையே தெரியாமல் கறுப்பாக மூடிவிடும். பழக்கமில்லாத கையில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். வீட்டில் வேண்டாம்.

தன்லின் வாசகி:
ரொம்ப நன்றி அண்ணே. தட்டுகளில் தண்ணீர் முத்தாகத்தான் நின்றது. ஆனால் பின்பலகையின் ஓரத்தில் மர ரேகை அச்சடித்த தாள் உரிகிறது. அதற்கு என்ன செய்ய?

பாலிஷ்காரர், யாங்கோன்:
அது மரத்தூள் பலகை, மேலே தாள் ஒட்டியது. அதில் சாயம் பிடிக்காது, தேய்த்தால் தாள் கிழியும். பின்பலகை பெரும்பாலும் சின்ன ஆணியில்தான் நிற்கும், கழற்றிவிட்டு அதே அளவில் மெல்லிய பிளைவுட் வெட்டிப் போடுங்கள். பிளைவுட்டின் மேல் தோல் மெல்லிசு, அதனால் 180 மட்டும் போட்டு லேசாகத் தேய்த்தால் போதும். அதற்கும் முதலில் அரக்கு, பிறகு ஸ்டெயின். ஆணி அடிப்பதற்கு முன்பே பூசிவிடுங்கள், பொருத்தியபின் மூலைகளைத் துடைக்கக் கை போகாது.