உயர்விலை ஹெட்போன்கள்: வாங்கியவர்கள், இரவல் வாங்கிக் கேட்டவர்கள் அனுபவம்

பத்து வருடமாக என் மேஜையில் ஒரு சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது. 1997இல் வெளிவந்த மாடல். அதற்குப் பிறகு அதே நிறுவனத்தின் எச்டி 800 எஸ் வாங்கினேன். போன வருடம் நண்பர் ஒருவர் வேலையாக வெளிநாடு கிளம்பும்போது தன்னுடைய ஃபோக்கல் யுடோபியாவை மூன்று மாதம் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மூன்றையும் ஒரே ஆம்பில் (ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் கருவி), ஒரே பாடல்களை வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். பெரிய தொகை செலவழிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் மாலையில் யுடோபியாதான் ஜெயித்தது. சாதாரண வெற்றி இல்லை, மற்ற இரண்டையும் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு. மறுநாள்தான் உறைத்தது. எச்டி 600ம் 800 எஸ்ஸும் 300 ஓம், யுடோபியா 80 ஓம். ஓம் என்பது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. ஆம்பின் குமிழை ஒரே இடத்தில் வைத்தால் யுடோபியா மிகவும் சத்தமாகப் பாடும். காதுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதைத்தான் தெளிவானது, துடிப்பானது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும், ஏமாந்துவிடுவோம்.

அதனால் ஒரு கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, சின்ன மைக் ஒன்றைச் செருகினேன். ஹெட்போனின் பேடை, அதாவது காதைச் சுற்றி உட்காரும் மெத்தையை, அந்த அட்டைமேல் காற்று போகாமல் அழுத்தி வைத்து, இரைச்சல் ஒலி ஒன்றை ஓடவிட்டு அளந்தேன். மூன்றும் ஒரே அளவு காட்டும் இடங்களைக் குமிழைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். துல்லியமான ஆய்வுக்கூட அளவு இல்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திருகுவதைவிட எவ்வளவோ மேல்.

சத்தத்தைச் சமன் செய்தபிறகு வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிட்டது. மீதி இருந்த பாதிதான் உண்மையான வித்தியாசம் என்று நான் நம்புகிறேன். யுடோபியாவின் டிரைவரில், அதாவது ஒலியை எழுப்பும் பாகத்தில், அதிரும் படலம் பெரிலியத்தால் ஆனது, மிகவும் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் உலோகம். மிருதங்கத்தில் வலந்தலை அடி விழும்போது சத்தம் எந்த நொடியில் பிறந்தது, விரல் எப்போது தோலை விட்டு எழுந்தது என்பது வரை பிரிந்து கேட்கிறது. அடுத்த அடி வருவதற்கு முன் அந்த இடம் முழுக்கக் காலியாகிவிடுகிறது. எச்டி 600இல் அடி விழுந்தது தெரியும், விரலின் அந்த எழுச்சி தெரியாது.

எச்டி 800 எஸ்ஸின் பெருமை வேறு. அதன் டிரைவர் 56 மில்லிமீட்டர், நடுவில் ஓட்டை உள்ள வளையம் மாதிரி. அதைக் காதிலிருந்து நன்றாகத் தள்ளி, சாய்த்து வைத்திருக்கிறார்கள். கோரஸ் பாடும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரலால் சுட்டிக் காட்டலாம். 2009இல் வந்த பழைய எச்டி 800இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு, அந்த இடத்து ஒலி மட்டும் தூக்கலாக வந்து 'ஸ்' ஒலிகளைக் கூர்மையாக்கும். 2016இல் வந்த எஸ் மாடலில் அதை உறிஞ்சிக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. இப்போது மணிக்கணக்கில் கேட்க முடிகிறது.

தம்பியை விட்டுக் கண்ணைக் கட்டிச் சோதிக்கலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. தலையில் வைத்த அடுத்த கணமே எடையை வைத்துத் தெரிந்துவிடுகிறது: 260 கிராம், 330 கிராம், 490 கிராம். அதனால் வேறு வழி எடுத்தேன். ஒரு வாரம் முழுக்க ஒன்றை மட்டும் கேட்பது, அப்புறம் அடுத்ததுக்கு மாறுவது. மாறியதும் வரும் முதல் ஒரு நிமிடத்தில் காது என்ன சொல்கிறதோ அதை உடனே எழுதி வைப்பது. பத்து நிமிடம் போனால் காது பழகிவிடும், பிறகு எல்லாமே சரியாகத்தான் கேட்கும்.

யுடோபியாவிலிருந்து எச்டி 600க்குத் திரும்பியபோது எழுதியது இது: "பாடுபவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு பாடுகிறார். குரல் அழகு, ஆனால் நெரிசல்."

ஒரு யுடோபியாவின் விலைக்குப் பத்து எச்டி 600 வாங்கலாம். பத்து மடங்கு சுகம் கிடைக்கிறதா என்றால் இல்லை. முன்பு கேட்காத இரண்டு மூன்று விஷயங்கள் கேட்கின்றன. அவை உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு முக்கியம்தான். ஆனால் நண்பர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டபோது மனம் உடைந்துபோகவில்லை.

*

அட்டை யோசனைக்கு நன்றி, இந்த வாரமே செய்து பார்க்கிறேன். என் அனுபவம் எடையைப் பற்றியது.

நான் வாங்கியது 600 கிராமைத் தாண்டும் ஒரு பிளேனர் ஹெட்போன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, பெரிய பிளேனர்கள் பலவும் கனமானவைதான். பிளேனரில் மெல்லிய படலம் முழுவதும் கம்பித்தடம் ஓடும், அதற்கு முன்னும் பின்னும் வரிசையாகக் காந்தம் வைப்பார்கள். கனம் அந்தக் காந்தத்திலிருந்து வருகிறது. ஆனால் பேஸ் (ஆழமான கீழ் ஒலி) என்றால் அதுதான் பேஸ். அடித்தளம் வரைக்கும் குறையாமல், குழையாமல் இறங்கும். நான் கேட்ட எந்தச் சாதாரண டைனமிக் ஓப்பன் பேக்கிலும் (கம்பிச்சுருள் டிரைவரும் பின்பக்கம் திறந்த கப்பும் உள்ளவை) 30 ஹெர்ட்ஸ் ஆழ ஒலி அப்படி நின்றதில்லை.

கடையில் இருபது நிமிடம் கேட்டு மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டில் ஐம்பதாவது நிமிடத்தில் உச்சந்தலை வலிக்கத் தொடங்கும், ஒன்றரை மணி நேரத்தில் பின்கழுத்து. நான் எழுதுகிறவன், ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் காதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு மாதம் போராடிவிட்டு விற்றுவிட்டேன். ஒலியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த பேஸ் நினைவுக்கு வரும்.

இன்னொன்று: நான் கண்ணாடி அணிபவன். கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கிவிடும், அந்தச் சந்து வழியாக பேஸ் ஒழுகிவிடும். கடையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கேட்டிருந்தேன், வீட்டில் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒரே ஹெட்போன், இரண்டு ஒலி. மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறியதும் பாதி சரியானது. வாங்கப் போகும்போது தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள், குறைந்தது ஒரு மணி நேரமாவது கழற்றாமல் உட்காருங்கள்.

*

ஹெட்போன் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு மேல்தட்டு ஹெட்போன், இரண்டாவது வருடத்தில் தலைப்பட்டையும் கப்பும் சேரும் இடத்தில் விரிசல் விட்டது. கீழே போட்டதில்லை, பையில் திணித்ததில்லை. மேஜையில் மாட்டியே வைத்திருந்தேன். ஒரு நாள் எடுத்து மாட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், இடது கப் கையோடு வந்துவிட்டது. பார்த்தால் வெளியே பளபளவென்று உலோகப் பூச்சு, உள்ளே சுமை தாங்கும் இடத்தில் விரல்நகம் தடிமனில் பிளாஸ்டிக். உத்தரவாதக் காலம் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தனியாக அந்த உதிரிபாகம் விற்பதில்லை, முழுத் தலைப்பட்டையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் ஒரு நல்ல நடுத்தர ஹெட்போனே வாங்கிவிடலாம். நிறையப் பணம் கொடுத்து வாங்கிய பொருள் இப்படிக் கைவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது.

அதிலிருந்து எதை வாங்கினாலும் முதலில் பார்ப்பது மூன்று. கேபிள் கழற்றி மாட்டக்கூடியதா? பேடைக் கருவி இல்லாமல் மாற்ற முடியுமா? உதிரிபாகம் தனித்தனியாகக் கிடைக்கிறதா? இந்த விஷயத்தில் எச்டி 600 மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. பேட், தலைப்பட்டை மெத்தை, வலை, கேபிள், ஏன் டிரைவரைக்கூடக் கையால் கழற்றி மாட்டலாம். மதிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

முதலில் எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி. பத்து வருட எச்டி 600 என்றீர்கள். பேட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

*

பேட் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும், நடுவில் ஆம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஹைஃபைமேன் சுஸ்வாரா என்ற பிளேனர் ஹெட்போனை நண்பர் வீட்டில் கேட்டுவிட்டு, சில நாள் இரவல் கேட்டு வாங்கி வந்தேன். என் வீட்டில் அது வேறு ஹெட்போன் மாதிரி இருந்தது. மெலிந்து, உயிரில்லாமல். குறை ஹெட்போனில் இல்லை. சுஸ்வாரா 60 ஓம்தான், ஆனால் அதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டெசிபல் வர 50 மில்லிவாட் வேண்டும். இசையில் திடீரென்று எழும் உச்சங்களுக்கு 110 டெசிபல் என்று வைத்தால் 500 மில்லிவாட், அதாவது ஐந்தரை வோல்ட்டுக்குப் பக்கம். ஒரு வோல்ட் மட்டும் தரும், போனில் செருகும் சின்ன டாங்கிளில் 95 டெசிபலோடு நின்றுவிடும். மெதுவான பகுதிகள் நன்றாக இருக்கும், தாளம் கூடும் இடத்தில் மூச்சு வாங்கும்.

ஓம் எண்ணை மட்டும் பார்த்து, "60தானே, எதிலும் ஓடும்" என்று நினைத்தேன். உணர்திறனைப் பார்த்திருக்க வேண்டும். நண்பரின் ஆம்பையும் சேர்த்து இரவல் வாங்கி வந்த பிறகு, அவர் வீட்டில் கேட்ட அதே ஒலி என் வீட்டிலும் வந்தது. பட்ஜெட் போடும்போது ஆம்பையும் சேர்த்துப் போடுங்கள். எலக்ட்ரோஸ்டாட்டிக் (காந்தம் இல்லாமல், உயர் மின்னழுத்தத்தால் படலத்தை அசைக்கும் வகை) பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் கட்டாயம். அந்த வகையைச் செய்யும் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இன்றைய ஹெட்போன்களுக்கு 580 வோல்ட் பயஸ் (படலத்தில் எப்போதும் இருக்க வேண்டிய மின்னழுத்தம்) தரும் தனி ஆம்ப் இருந்தால்தான் சத்தமே வரும்.

அப்புறம், ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 2017இல் 283 ஹெட்போன்களின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை (கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை எது எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை) விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் கிடைத்த முடிவு. பேஸ், மிட், ட்ரெபிள் சமநிலை விலையோடு ஏறுவதில்லை. நண்பரின் சுஸ்வாராவில் எனக்குப் பிடித்தது அந்தச் சமநிலை மட்டும் இல்லை என்பதால் ஆசை விடவில்லை. ஆனாலும் விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிப்பதை நிறுத்திவிட்டேன்.

*

பேடைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஒரு தடவைகூட மாற்றியதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது கட்டைவிரல் தடிமன் இருந்த பஞ்சு, சப்பாத்திக் கட்டையில் தேய்த்த மாதிரி தட்டையாகிவிட்டிருந்தது. காதை வைத்தால் உள்ளே இருக்கும் கறுப்பு நுரையில் மடல் இடித்தது. அதாவது டிரைவர் காதை ஒட்டி வந்துவிட்டது. மெல்ல மெல்ல நடந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

புதுப் பேட் வரவழைத்து நேற்று மாட்டினேன். பழையது ஒரு இழுப்பில் வந்தது, புதியது சுற்றிலும் அழுத்தியதும் 'டக் டக்' என்று உட்கார்ந்தது. இரண்டு நிமிட வேலை. அட்டையில் வைத்து மறுபடி அளந்து, குமிழில் புதிய கோடு போட்டேன். அதே பாட்டு. பாடுபவர் நெற்றியை விட்டு இறங்கி, ஒரு முழம் தள்ளி நின்று பாடினார். நெரிசல் என்று எழுதினேனே, அதில் பெரும்பகுதி போய்விட்டது.

மிருதங்கத்தின் அந்த எழுச்சி மட்டும் இன்னும் யுடோபியாவில்தான் இருக்கிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் குரலைப் பற்றி நான் மேலே எழுதியதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்ந்த பேடைப் புதுப் பேடோடு ஒப்பிட்டிருக்கிறேன். நண்பரிடம் யுடோபியாவை இன்னொரு இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். வந்ததும் மூன்றையும் முதலிலிருந்து கேட்டு எழுதுகிறேன்.