குளிசை போட்டும் பிறசர் இறங்கேல்லையோ?

தாதி, கோண்டாவில்

"குளிசை கேக்குதில்லை" எண்டு வாறவையில கனபேருக்குப் பிழை குளிசையில இல்லை, அளக்கிறதில. பஸ்ஸால இறங்கி, வெயிலுக்கால நடந்து வந்து, கதிரையில இருந்த உடனை கையை நீட்டினால் 150, 160 எண்டுதான் காட்டும். மூத்திரம் முட்டினபடி இருந்தாலும் ஏறும், பக்கத்தில இருக்கிறவவோட கதைச்சாலும் ஏறும். தேத்தண்ணி, சுருட்டு, வெத்திலையோட போடுற புகையிலை எல்லாம் அரை மணித்தியாலத்துக்கு முன்னமே முடிஞ்சிருக்கோணும். முதுகைச் சாய்ச்சு, காலுக்கு மேல கால் போடாமல் 5 நிமிசம் பேசாமல் இருங்கோ. கை மேசையில, நெஞ்சு மட்டத்தில. தொங்கவிட்டால் கூடக் காட்டும்.

லண்டன், கனடாவில இருந்து வாற மெசினுகளில இன்னொரு சிக்கல். கைப்பட்டியில 22–32 செ.மீ. எண்டு போட்டிருக்கும். மேல்கைச் சுற்றளவு 35 எண்டால் அந்தப் பட்டி இல்லாத பிறசரைக் காட்டும். தையல் நாடாவால அளந்துபோட்டுப் பெரிய பட்டி எடுப்பியுங்கோ. காலமை குளிசைக்கு முதல் ரெண்டு தரம், பின்னேரம் ரெண்டு தரம், இடையில ஒரு நிமிசம் விட்டு, 7 நாள் அளவுங்கோ. முதல் நாளை விட்டிட்டு மிச்சத்தின்ர சராசரியைக் கிளினிக் கொப்பியில எழுதிக்கொண்டு வாங்கோ. வீட்டில 135/85 எண்டால் கிளினிக்கில 140/90 மாதிரி. அதுக்கு மேல போனால்தான் "கூட".

மருந்தாளர், சுன்னாகம்

அக்கா சொன்னபடி அளந்தும் கூட எண்டால், அடுத்தது வீட்டில இருக்கிற மருந்துப் பையைக் கொட்டிப் பாக்கோணும். கிளினிக்கில பிறசர் குளிசையை லொசாட்டன் எண்டு மருந்தின்ர பேரில குடுப்பினம். பிரைவேற்றில காட்டினால் கொம்பனிப் பேரில வேற அட்டை வரும். ரெண்டும் ஒரே மருந்தெண்டு தெரியாமல் ரெண்டையும் விழுங்குகிற ஆக்கள் இருக்கினம். மற்றப் பக்கம், முழங்கால் நோவுக்குப் போடுற டைக்ளோபினாக் எண்ட நோக்குளிசை. அது உப்பையும் தண்ணியையும் உடம்பில மறிச்சு வைக்கும், பிறசர் குளிசையின்ர வேலையையும் கெடுக்கும். அதிமதுரம் சேர்ந்த இருமல் மருந்தைக் கன நாள் குடிச்சாலும் பிறசர் ஏறும். சித்த வைத்தியரிட்டையும் பிறசர் இருக்கெண்டு சொல்லுங்கோ.

அம்லோடிபின் எண்ட பிறசர் குளிசை உடம்பில மெதுவாத்தான் சேரும். முழு வேலை தெரிய ஒண்டு ரெண்டு கிழமை வேணும். மூண்டாம் நாளே 5 மில்லிகிராமை 10 ஆக்கினால் பிறசர் இறங்க முதல் கணுக்கால்தான் கெதியா வீங்கும். அந்த வீக்கம் தண்ணி போற குளிசைக்குப் பெரிசா வத்தாது. அளவைக் குறைக்கிறதோ லொசாட்டனைச் சேர்க்கிறதோ டொக்டரின்ர முடிவு. லொசாட்டன் பொற்றாசியத்தைக் கூட்டலாம்; தொடங்கினால் ரெண்டு கிழமைக்குள்ள ரத்தத்தில கிரியேற்றினினும் (சிறுநீரகத்தின்ர வேலையைக் காட்டுறது) பொற்றாசியமும் பாக்கோணும். சிறுநீரகம் பலவீனமெண்டால் தினம் இளநீர் வேண்டாம். "சோடியம் குறைஞ்ச உப்பு" எண்டு விக்கிறதிலயும் பொற்றாசியம்தான் இருக்கு. நிபெடிப்பின் எஸ்ஆர் எண்ட பிறசர் குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. மெல்ல மெல்லக் கசிய வேண்டிய மருந்து ஒரேயடியா இறங்கும்.

போசாக்கு ஆலோசகர், நல்லூர்

"நாங்கள் உப்புக் குறைச்சுத்தான் சமைக்கிறம்" எண்டு எல்லாரும் சொல்லுவினம். பைக்கற்றைக் கேளுங்கோ, அது பொய் சொல்லாது. ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி மட்டம். நாலு பேருக்கு 20 கிராம். 400 கிராம் பைக்கற் 20 நாளுக்குப் போகோணும். பத்து நாளில முடிஞ்சால் ரெண்டு மடங்கு. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் இந்தக் கணக்குக்கு வெளிய. கருவாட்டைச் சின்னனா வெட்டி, ரெண்டு தரம் தண்ணி மாத்தி, அரை அரை மணித்தியாலம் ஊறவிட்டால் உப்புக் குறையும், முழுக்கப் போகாது. புட்டு மாவுக்கு உப்புத்தண்ணி, சம்பலுக்கு உப்பு, சொதிக்கு உப்பு எண்டு ஒரே கோப்பையில மூண்டு தரம் விழுது. மாவுக்குப் போடுறதை நிப்பாட்டினால் ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம்.

தேங்காயில கொலஸ்ட்ரோல் இல்லை எண்டது உண்மை. ஆனா அதின்ர கொழுப்பில பெரும்பங்கு நிறைவுற்றது. அது எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ட்ரோலை ரத்தத்தில இருந்து எடுக்கிற ஈரலின்ர வேலையை மந்தமாக்கும். இறாலுக்கும் கணவாய்க்கும் பயப்பிடுகிற ஆக்கள் அதே கறியில முதற்பாலைத் தாராளமா ஊத்துவினம். அளவா எடுத்தால் இறாலை விட அந்தப் பால்தான் கூடக் கெடுதல். சொதிக்குக் கப்பிப்பால் (முதற்பாலுக்குப் பிறகு பிழியிற தண்ணிப்பால்) மட்டும் காணும். தாளிக்க நல்லெண்ணெய், அதுவும் ஆளுக்கு நாளுக்கு மூண்டு நாலு தேக்கரண்டிக்குள்ள.

ஆய்வுகூடம், திருநெல்வேலி

எல்டிஎல்லைப் பெரும்பாலும் கணக்கிட்டுத்தான் போடுவம்: மொத்தக் கொலஸ்ட்ரோலில எச்டிஎல் எண்ட நல்ல கொலஸ்ட்ரோலைக் கழிச்சு, ரைகிளிசரைட் எண்ட மற்ற ரத்தக் கொழுப்பின்ர அஞ்சில ஒண்டையும் கழிக்கிறது. மொத்தம் 240, எச்டிஎல் 40, ரைகிளிசரைட் 200 எண்டால் 240 – 40 – 40 = 160. ரைகிளிசரைட் 400க்கு மேல போனால் அந்தக் கணக்கு பிழைக்கும்; கலியாணவீட்டுக்கும் கள்ளுக்கும் அடுத்த நாள் ரத்தம் குடுக்க வரவேண்டாம். வெளிநாட்டுச் சொந்தங்களின்ர றிப்போட்டோட ஒப்பிடுறவைக்கு: அங்க அளக்கிற அலகு வேற, அவையின்ர எல்டிஎல்லை 38.7ஆல பெருக்குங்கோ. அங்க 3 எண்டது இங்க 116.

றிப்போட் நல்லா வந்திட்டுதெண்டு கொலஸ்ட்ரோல் குளிசையான அற்றோவஸ்டற்றினை நிப்பாட்டுறவை கனபேர். நல்லா வந்தது குளிசையால. விட்டால் சில கிழமையில பழைய இடத்துக்கே வரும். 20 மில்லிகிராமை 40 ஆக்கினால் எல்டிஎல் பாதியாக் குறையும் எண்டும் நினைக்காதேங்கோ, மேலதிகமா 6 வீதமளவுதான் இறங்கும். தசை நோவு வந்தால் ஒளிச்சு விடாமல் சொல்லுங்கோ, மருந்தையோ அளவையோ மாத்தலாம்.

மருந்தாளர், சுன்னாகம்

ஒண்டு மறந்திட்டன். கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணியோட மட்டும் இருக்கிறவை, ஹைட்ரோகுளோரோதயசைட் எண்ட தண்ணி போற குளிசை போடுறவையெண்டால் முன்னமே டொக்டரிட்டைக் கேளுங்கோ. சாப்பாடும் உப்பும் இல்லாமல் அந்தக் குளிசை சோடியத்தையும் பொற்றாசியத்தையும் இறக்கி, தலைச்சுத்தி விழுத்தும். அதுக்காகத் தாங்களாவே எல்லாக் குளிசையையும் விடவும் கூடாது. 180/120 தாண்டி நெஞ்சு நோவோ, வாய் கோணலோ, பேச்சுக் குழறலோ கண்டால் நாக்குக்குக் கீழ ஒண்டும் வைக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ.