மூன்று நாள் கரண்ட் இல்லாத வீடு: பவர் ஸ்டேஷன், சோலார் பேனல் அனுபவங்கள்

#1

புயல் கரையைக் கடந்த அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. திரும்பி வந்தது நாலாம் நாள் காலையில். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். எங்களைப்போல் பவர் ஸ்டேஷன் (தூக்கிச் செல்லக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி) வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

வீட்டில் நான், அம்மா, எட்டாவது படிக்கும் என் பையன். அம்மாவுக்குச் சர்க்கரை. ஃப்ரிட்ஜில் இன்னும் பிரிக்காத இன்சுலின் பேனா நாலு இருந்தது. பிரிக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் ஆறு மாதம் முன்பே 1024 வாட் அவர் பவர் ஸ்டேஷன் ஒன்றும், மடக்கி வைக்கக்கூடிய 200 வாட் பேனல் ஒன்றும் வாங்கியிருந்தேன். பெட்டியில் 1800 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு தைரியம். வாட் வேறு, வாட் அவர் வேறு என்பது தெரியாமல் வந்த தைரியம் அது. 1800 வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கான கணக்கு. எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது 1024-ல் இருக்கிறது.

முதல் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அதில் மாட்டினேன். ஃப்ரிட்ஜ், ஹாலில் சீலிங் ஃபேன், ரூட்டர், இரண்டு எல்ஈடி பல்பு. பையன் ரொம்ப சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணிக்கு "பீப்" என்று ஒரு சத்தம். ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. திரையில் பூஜ்யம்.

விடிந்ததும் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். எங்கள் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 110 வாட், விட்டு விட்டு ஓடுவதால் சராசரி 45. பல்பு இரண்டும் 18. ரூட்டர் 10. நான் நினைத்தே பார்க்காத ஒன்று, பவர் ஸ்டேஷனுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர். பேட்டரியின் டிசி மின்சாரத்தை, வீட்டுச் சாதனங்கள் ஓடும் ஏசி மின்சாரமாக மாற்றுவது அதுதான். எதையுமே மாட்டாவிட்டாலும் ஏசி பட்டன் போட்டிருந்தாலே மணிக்கு 15 வாட் அவர் தின்கிறது. ஒரு நாள் முழுக்க விட்டால் 360, அதாவது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 1024-ம் அப்படியே கைக்கு வராது. டிசியை ஏசியாக மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 870 பக்கம்தான் கிடைக்கும். ஒன்றரை மணிக்கு நின்றதில் ஆச்சரியமே இல்லை.

காலை ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்த தெர்மாமீட்டர் 7 காட்டியது. ஒன்பது மணிக்கு 9. அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் பக்கம் போய்ப் போய் நின்றார். கதவைத் திறக்காமல், மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

பேனலை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனோம். தரையில் விரித்தபோது 95 வாட். சுவரில் சாய்த்து சூரியனை நேராகப் பார்க்கும்படி வைத்ததும் 140. திடீரென்று 55-க்கு இறங்கியது. மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுத்துத்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்திருந்தது, நாலு விரல் அகலத்துக்கு. பேனலை ஒரு முழம் தள்ளியதும் மறுபடி 140. செல்கள் எல்லாம் ஒரே மாலையாகக் கோத்திருப்பதால் ஒன்று இருட்டினால் அந்த வரிசையே தடைபடுமாம். அதற்குப் பிறகு குழாய் நிழல் நகர நகரப் பேனலை நகர்த்துவது பையனின் வேலை.

பத்து மணிக்கு ஃப்ரிட்ஜை மட்டும் போட்டேன். வெயிலிலிருந்து வருவதும் ஃப்ரிட்ஜ் இழுப்பதும் ஏறக்குறைய சமம், அதனால் ஒன்றரை மணி நேரத்துக்குப் பேட்டரி ஏறவே இல்லை. அன்றைக்கு மொத்தம் வந்தது 640 வாட் அவர். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மறுபடி ஃப்ரிட்ஜை ஓட்டி 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, கதவைத் துணியால் கட்டிவிட்டு, ஏசி பட்டனை அணைத்தேன். ராத்திரிக்கு யுஎஸ்பியில் ஓடும் சின்ன ஃபேன் இரண்டு, ஒரு யுஎஸ்பி விளக்கு, போன் சார்ஜ். அவ்வளவுதான். காலையில் திரையில் 5 சதவீதம் மிச்சம் இருந்தது. தெர்மாமீட்டர் 8.

மூன்றாம் நாளும் அப்படியே ஓட்டினோம். 9 டிகிரி ஆன பேனாக்களைப் பற்றி டாக்டரிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒரு டிகிரி கூடியதால் கெட்டுப்போகாது, உறைந்துபோயிருந்தால் தூக்கிப் போட வேண்டும் என்றார்.

#2

சகோதரி, 200 வாட் பேனல் 140 கொடுத்தால் அது நல்ல பேனல்தான். அந்த 200 என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், செல்லின் சூடு 25 டிகிரி என்று சோதனைக் கூடத்தில் வைத்து அளந்தது. மாடி வெயிலில் செல் 60, 65 டிகிரிக்குப் போய்விடும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சூட்டில் மட்டுமே 16 சதவீதம் வரை போய்விடும். நான் எப்போதும் பேனலில் போட்டிருப்பதில் 70 சதவீதத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். பேனலுக்குப் பின்னால் காற்று போக இடம் விடுங்கள், ஒரு மாற்றம் தெரியும்.

பேட்டரி எந்த வகை என்று எழுதவில்லையே? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 3000 தடவை ஏற்றி இறக்கினாலும் பெரும்பாலும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும். பழைய மாடல்களில் வரும் நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகை 500 முதல் 1000 தடவைதான். சூட்டில் தீப்பிடிக்கும் அபாயமும் முதல் வகையில் குறைவு. 1997-ல் விஞ்ஞானி ஜான் குடினஃப்பின் குழு இந்த அயர்ன் பாஸ்பேட் பொருளை வெளியிட்டபோது, இதில் மின்சாரம் சரியாக ஓடாதே என்ற கவலை இருந்தது. துகளைச் சின்னதாக்கி, மேலே கார்பன் பூசிய பிறகுதான் பயனுக்கு வந்தது. லித்தியம் அயன் பேட்டரி வேலைக்காக 2019-ல் அவருக்கு நோபல் கொடுத்தபோது வயது 97. படுக்கையறை மூலையில் வைத்துத் தூங்கப்போகிற பொருள் என்பதால் இந்த வகையைத்தான் வாங்கச் சொல்வேன்.

#3

என் அனுபவம் கொஞ்சம் வலி. படிக்கிறவர்களாவது தப்பிக்கட்டும்.

ஒரு பேனல் போதவில்லை என்று இன்னும் இரண்டு வாங்கினேன். என் பவர் ஸ்டேஷனில் சோலார் இன்புட் அதிகபட்சம் 60 வோல்ட். பேனலின் பின்னால் 18 வோல்ட் என்று இருந்தது. மூன்றையும் சீரிஸில், அதாவது ஒன்றின் முனையை அடுத்ததோடு கோத்துப் போட்டால் 54 தானே, 60-க்குள் வருகிறதே என்று மாட்டிவிட்டேன். குளிரான காலை, பளிச்சென்று வெயில். மாட்டிய நொடியில் ஒரு "டிக்". பிறகு பிளாஸ்டிக் கருகிய வாசனை. சோலார் இன்புட் அன்றோடு செத்தது. சுவர் ப்ளக்கில் இன்னும் சார்ஜ் ஆகிறது, வெயிலில் ஆகாது.

அந்த 18 வோல்ட், பேனல் வேலை செய்யும்போது உள்ள வோல்ட். அதற்குக் கீழேயே பொடி எழுத்தில் Voc என்று இன்னொரு எண், என் பேனலில் 22. எதிலும் மாட்டாமல் வெறுமனே வெயிலில் இருக்கும்போது உள்ள வோல்ட் அது. மூன்று சேர்ந்தால் 66. குளிரில் இன்னும் ஏறும். சீரிஸில் போடுகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். கம்பெனியில் கேட்டதற்கு, அதிக வோல்ட் கொடுத்ததால் வாரண்டி கிடையாது என்று முடித்துவிட்டார்கள். கோபப்பட எனக்கு வழியில்லை, கையேட்டில் எழுதியிருக்கிறது.

பேரலலில், அதாவது எல்லா ப்ளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டால் வோல்ட் கூடாது, ஆம்பியர்தான் கூடும். அதற்குத் தக்க தடிமனான கேபிள் வேண்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்காதீர்கள். டிசி மின்சாரம் பொறி கக்கும், ஏசி போலச் சட்டென்று அணையாது. பேனலைத் துணியால் மூடிவிட்டுக் கழற்றுங்கள்.

#4

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் மெஷின் இல்லாமல் தூங்க முடியாது. எங்களிடம் இருப்பது 500 வாட் அவர்தான். ஒரு ராத்திரிக்குக்கூட வராது என்று பயந்தோம். அளந்து பார்த்தால், ஈரப்பதத்துக்காகத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியும் சூடான குழாயும் சேர்த்து 55 வாட். அவை இரண்டையும் அணைத்தால் வெறும் 12. டாக்டரைக் கேட்டு, கரண்ட் போகும் நாட்களில் மட்டும் அணைத்து ஓட்டுகிறோம். மெஷினுக்கென்றே விற்கும் டிசி கேபிளை வாங்கி நேராக மாட்டியதில் இன்வெர்ட்டர் தின்பதும் மிச்சம். எட்டு மணி நேரத்துக்கு 100 வாட் அவர் பக்கம். மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் அப்பா தூங்குவார்.

ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஐந்து லிட்டர் மெஷின் விடாமல் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். 1000 வாட் அவர் மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அவர்கள் கையில் சிலிண்டர் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

#5

அடுக்குமாடியில் இருக்கிறேன், பால்கனி மட்டும்தான். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே பேனலை வைத்துப் பார்த்தேன், வெளியே கிடைப்பதில் பாதிகூட வரவில்லை. கம்பிக்கு வெளியே தொங்கவிட்டால் காற்றில் பறந்து யார் தலையிலாவது விழுமோ என்று பயம். கடைசியில் பேனலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய பேட்டரியாக வாங்கிச் சுவர் ப்ளக்கிலேயே ஏற்றி வைக்கிறேன். வெயில் வராத வீட்டுக்கு அதுதான் சரி.

#6

நான் கரண்ட் லைனில் வேலை பார்க்கிறவன். இதைப் படிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு முனையிலும் ஆண் ப்ளக் வைத்த வயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையைப் பவர் ஸ்டேஷனிலும் இன்னொன்றைச் சுவர் சாக்கெட்டிலும் செருகி, வீடு முழுக்க லைட் எரிய வைக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்கிறேன் என்பார்கள். ஒரு நாள் மறந்தால் போதும். உங்கள் வீட்டிலிருந்து லைனுக்குத் திரும்பி வருகிற மின்சாரம் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறும்போது பல ஆயிரம் வோல்ட்டாக ஆகும். நாங்கள் செத்த லைன் என்று நினைத்து அறுந்த கம்பியைக் கையில் எடுத்திருப்போம். ஓவர்லோடில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் வீட்டை ஒட்டியே கம்பி அறுந்து, அந்தத் துண்டில் வேறு வீடே இல்லையென்றால் நிற்காது. பவர் ஸ்டேஷனில் செருகியிருக்கும்போது அந்த வயரின் மறுமுனை கழன்று கிடந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியில் கரண்ட் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

புயலுக்கு மறுநாள் ஒரு தெருவில் கம்பத்தின் கீழே டெஸ்டர் வைத்தபோது விளக்கு எரிந்தது. துண்டித்த லைன் அது. என்னோடு வந்த தம்பி ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

வீட்டு வயரிங்கில் இணைக்க வேண்டுமென்றால் எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்கள். லைன் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. அது வேண்டாமென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுங்கள்.

#7

முதல் பதிவு போட்டவள்தான். லைனில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு முதலில் நன்றி. ஆண் ப்ளக் வயர் யோசனையை எனக்கும் ஒருவர் சொன்னார். செய்யாமல் விட்டது பயத்தினால்தான், இவ்வளவு தெரிந்து இல்லை. போன வாரம் எலெக்ட்ரீஷியன் வந்து சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டுவிட்டார். ஃப்ரிட்ஜ் ப்ளக், ஹால் லைட், ரூட்டர் மட்டும் அதில் வருகின்றன.

பேட்டரி இரண்டாம் பதிவில் சொன்ன அயர்ன் பாஸ்பேட் வகைதான், பெட்டியைப் பார்த்துவிட்டேன். சும்மா இருக்கும் மாதங்களில் 60 சதவீதத்தில் வைக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுகிறேன். மழை எச்சரிக்கை வந்தால் 100. மாடியில் பேனல் விரிக்கும்போது பவர் ஸ்டேஷனைப் பேனலின் நிழலிலேயே வைத்துவிடுகிறோம். முதல் தடவை வெயிலில் விட்டதில், சூடு தாங்காமல் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திக்கொண்டது.

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி கரண்ட் போனது, காலை ஏழு வரை வரவில்லை. பத்து மணிக்கு இரண்டு மணி நேரம், விடியற்காலை நாலுக்கு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ் ஓடியது. நாலு மணிக்கு எழுந்து ஏசி பட்டனைப் போட்டது பையன். நோட்டில் நேரம், சதவீதம், டிகிரி மூன்றையும் எழுதி வைத்திருக்கிறான். கடைசி வரி: 7 மணி, 48, 5. அம்மா ஏழரை வரை எழுந்திருக்கவே இல்லை.